சுழிப்பிழை

வைஷாலிக்குக் கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது. சங்கவிக்கு வயிறு எரிந்தது.

"அய்யோ! செத்தேன் சிஸ்டர்! கால் போச்சு சிஸ்டர்!" என்று வைஷாலி போட்ட சத்தத்தில் டயாலிசிஸ் வார்டே திரும்பிப் பார்த்தது. அவள் புருஷன் கௌதம் போனைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து அவள் பாதத்தை நெஞ்சோடு சேர்த்து அழுத்தினான். தலைமாட்டுத் திரையில் எண் விறுவிறுவென்று ஏறியது. ஆறு. ஏழு. எட்டு. சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. சிஸ்டர் வந்து, உடம்பிலிருந்து தண்ணீர் எடுக்கும் வேகத்தைக் குறைத்து, சலைனைத் திறந்துவிட்டார்.

பக்கத்துக் கட்டிலில் சங்கவியின் கெண்டைக்காலும் கருங்கல்லாகத்தான் கிடந்தது. துண்டின் நுனியைக் கடைவாயில் வைத்துக் கடித்தபடி தன் திரையைப் பார்த்தாள். இரண்டு. பச்சை விளக்கு. என்னமோ பார்க்கில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருக்கிறவளுக்குக் காட்டுகிற மாதிரி.

'வலியில்கூட இவளுக்குத்தான் முதல் மார்க்கா?' என்று நினைத்தாள்.

எண்ணைக் காட்டியது மணிக்கட்டில் கட்டியிருந்த கறுப்புப் பட்டை. அரசாணையில் அதற்குத் 'துயர்மானி' என்று பெயர். வார்டில் பட்டை என்றால் போதும். நரம்பு, தசை, வேர்வை, நாடி எல்லாவற்றையும் ஒட்டுக் கேட்டு, அரிப்பு, தாகம், குமட்டல், அசதி, வலி எல்லாவற்றையும் ஒன்றாகக் குழைத்து, சுழியிலிருந்து பத்துக்குள் ஒரு எண்ணாகச் சொல்லிவிடும். வயிற்றெரிச்சலை மட்டும் அது கணக்கில் எடுப்பதில்லை. எடுத்திருந்தால் சங்கவியின் திரை வெடித்திருக்கும்.

அந்தப் பட்டை வருவதற்காகச் சண்டை போட்டவளே அவள்தான். அதுதான் கொடுமை.

முன்பெல்லாம் சிஸ்டர் ஒரு தாளை வைத்துக்கொண்டு கட்டில் கட்டிலாகக் கேட்பார். அரிக்குதா? வாய் காயுதா? தூக்கம் வருதா? கொஞ்சமா, ரொம்பவா? கூச்சல் போடத் தெரிந்தவர்கள் எல்லாவற்றுக்கும் 'ரொம்ப' என்றார்கள். மற்றவர்கள், "இருக்குது சிஸ்டர், பரவால்ல" என்றார்கள். அந்தத் தாளை நம்பி இந்த வார்டுக்கு வந்த முதல் தோள்பை கவுன்சிலரின் மச்சானுக்குப் போனது.

தோள்பை என்றால் பள்ளிக்கூடப் பை அளவுக்கு ஒரு கருவி. தோளில் மாட்டிக்கொண்டால் நடக்கும்போதும் தூங்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டே இருக்கும். வாரத்தில் பாதி நாளைக் கட்டிலுக்குக் கொடுக்க வேண்டாம். ஒரு மனுஷியாக வேலைக்குப் போகலாம். மாவட்டத்துக்கு எப்போதாவது ஒன்றுதான் வரும்.

மச்சான் பையை மாட்டிக்கொண்டு போன அன்றைக்கு டாக்டர் நஸீராவின் அறை வாசலில் நின்று சங்கவி கத்தியது வார்டில் எல்லாருக்கும் நினைவிருந்தது. "கூப்பாடு போடறவங்களுக்குத்தான் கெடைக்கும்னா சொல்லிடுங்க டாக்டர், நாங்களும் குரலுக்குப் பயிற்சி எடுத்துக்கறோம். வாயத் தொறக்காம கெடக்கறவங்க வலியெல்லாம் வலி இல்லையா?"

டாக்டர் அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கப் போய், இவள் குடிக்கக் கூடாதே என்று நினைவு வந்து, கையை இழுத்துக்கொண்டார். "சரியாத்தான் கேக்கற. மேல எழுதறேன்" என்றார்.

எழுதினார். பட்டை வந்தது. தனக்காகவே யாரோ செய்து அனுப்பியது போலச் சங்கவி அதைக் கட்டிக்கொண்டாள். இனிமேல் யாரும் நடிக்க முடியாது. உள்ளே என்ன இருக்கிறதோ அது வெளியே தெரியும். ஒரு மாதச் சராசரியில் யார் மேலே இருக்கிறார்களோ அவர்களுக்குப் பை.

அந்த மாதம் முடியப்போகிறது. வைஷாலி எல்லாருக்கும் மேலே இருந்தாள். சங்கவி கடைசியிலிருந்து எண்ணினால் சீக்கிரம் வந்துவிடுவாள்.

அவளுக்கு அந்தப் பை எதற்கு வேண்டும் என்பதும் ஊருக்கே தெரியும். பென்னாகரம் பக்கத்தில், அவர்கள் தெருவில் முதலில் காலேஜ் போனவள் அவள். கருவியியல் இன்ஜினியரிங். படித்து முடித்த வருஷமே இரண்டு சிறுநீரகமும் கையை விரித்துவிட்டன. அப்படியும் கட்டிலில் படுத்துக்கொண்டே பரீட்சைக்குப் படித்து, குடிநீர் வாரியத்தில் உதவிப் பொறியாளராகத் தேர்வாகியிருந்தாள். ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று அளக்கிற வேலை. தை பிறப்பதற்குள் சேர வேண்டும். பை இருந்தால் சேரலாம். இல்லாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள்.

வைஷாலிக்கு அப்படி ஒன்றும் இல்லை. தர்மபுரி டவுனில் இரண்டு மாடி வீடு, அரிசி மில், கார். பையை மாட்டிக்கொண்டு கொடைக்கானல் போவாளாம். அதையும் சத்தமாகத்தான் சொன்னாள்.

"தண்ணி குடிச்சிட்டு வர்றாம்மா அவ" என்றாள் சங்கவி, திரும்பிப் போகும் பஸ்ஸில். "அதிகமா தண்ணி ஏத்திக்கிட்டு வந்தா மெஷின் அதிகமா உறிஞ்சும். அதிகமா உறிஞ்சினா கால் இழுக்கும். கால் இழுத்தா எண் ஏறும். பணக்காரப் புத்தி எப்படி வேலை செய்யுது பாத்தியா?"

அம்மா மாதம்மாள் சீட்டின் முதுகில் தன் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எங்கே உட்கார்ந்தாலும் அவளுக்கு அது ஒரு பழக்கமாகிவிட்டிருந்தது. செருப்பு கடிக்கிறது என்று கழற்றிப் பாலித்தீன் பையில் போட்டு மடியில் வைத்திருந்தாள்.

"அடுத்தவ வலியைப் பாத்து ஏன் பாப்பா வேகற? அவளும் பெத்தவங்களுக்குப் புள்ளதான்."

"நான் ஒண்ணும் வேகல."

"நல்லா இருக்கியா? மயக்கம் கியக்கம் வருதா?"

"நல்லா இருக்கேன். நீ மொதல்ல செருப்பைப் போடு, எல்லாரும் பாக்கறாங்க."

மாதம்மாள் போட்டுப் பார்த்தாள். நுழையவில்லை. மறுபடியும் பையில் வைத்தாள்.

சங்கவியால் அதற்குமேல் தாங்க முடியாமல் போனது அந்த வார ஞாயிற்றுக்கிழமை. அம்மா விடியலிலேயே சாமந்தித் தோட்டத்துக்குப் பூ பறிக்கப் போய்விட்டாள். சமையலறையில் எவர்சில்வர் குடம் வேர்த்துக்கொண்டு நின்றது. சங்கவி அதையே பார்த்தாள். வைஷாலிக்குத் தெரிந்த வித்தை எனக்குத் தெரியாதா?

ஒரு சொம்பு மொண்டு குடித்தாள். தொண்டையில் இறங்கும்போதே அழுகை வந்தது. தினம் ஒரு டம்ளரை நாள் முழுக்க நக்கி நக்கிக் குடித்துப் பழகிய நாக்கு அது. இன்னொரு சொம்பு. மத்தியானம் மோர். சாயங்காலம் மறுபடியும் தண்ணீர். குற்ற உணர்ச்சியெல்லாம் ஒன்றும் இல்லை. சாகிற மாதிரி இனித்தது.

மறுநாள் காலை எடை பார்த்த சிஸ்டர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "என்ன இன்ஜினியர், ஒகேனக்கல்லையே குடிச்சிட்டு வந்தியா?"

மெஷின் உறிஞ்சியது. முதலில் கால் விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. பிறகு கெண்டை, தொடை, வயிறு என்று யாரோ முறுக்கிப் பிழிந்தார்கள். துண்டு கிழிந்தது. கண்ணுக்கு முன்னால் எல்லாம் வெளுத்துக்கொண்டே போனது. இப்போது ஏறியிருக்கும், எட்டுக்கு மேல் போயிருக்கும் என்று தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தாள்.

மூன்று.

"சிஸ்டர்..." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

சிஸ்டர் தூரத்திலிருந்தே திரையைப் பார்த்தார். "மூணுதானம்மா காட்டுது. பச்சைதான். இரு, இந்தப் பெட்டுல அஞ்சு காட்டுது, பாத்துட்டு வந்துடறேன்."

அப்போது பக்கத்துக் கட்டிலிலிருந்து அந்தப் பழகிய கூச்சல் கிளம்பியது. சங்கவிக்குக் கடைசியாகத் தோன்றியது, இதோ ஆரம்பிச்சிட்டா என்பதுதான். ஆனால் வைஷாலி தனக்காகக் கத்தவில்லை.

"சிஸ்டர்! திரையைப் பாக்காதீங்க, மூஞ்சியப் பாருங்க! அவளுக்குக் கண்ணு சொருவுது! யாராவது வாங்கய்யா!"

சங்கவி கண் விழித்தபோது கால்மாடு உயர்த்தியிருந்தது. சலைன் ஓடிக்கொண்டிருந்தது. வைஷாலி தன் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிபி இல்லவே இல்லைன்னாங்க. மூணு காட்டிச்சேன்னு அந்த சிஸ்டர் அழுவறாங்க. ஏன் இவ்ளோ தண்ணி குடிச்ச? பைத்தியமா நீ?"

நன்றி சொல்லியிருக்க வேண்டும். சங்கவிக்கு அந்த வார்த்தை வரவில்லை. வந்தது வேறு.

"நீ மட்டும் என்ன? குடிச்சிட்டுத்தானே வர்ற? எப்படி உனக்கு மட்டும் எட்டு காட்டுது?" அதுவரை 'நீங்க' என்று பேசியவள் எப்போது 'நீ'க்கு இறங்கினாள் என்று இருவருமே கவனிக்கவில்லை.

"நானா? நான் ஐஸ் கட்டிகூட வாயில வெக்கறதில்ல. என் வெயிட் சீட்டை வேணா பாரு." வைஷாலிக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்கு வலிக்குது, அதான் காட்டுது. நீ என்னைப் பாத்து வயிறு எரியறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? ஒவ்வொரு தடவை நான் கத்தும்போதும் நீ என் மூஞ்சியைப் பாக்க மாட்ட, என் திரையைத்தான் பாப்ப."

சங்கவி சலைன் சொட்டுவதைப் பார்த்தாள்.

"பட்டை கட்ட வந்த பையன்கிட்டகூட நான் பொய் சொல்லல" என்று வைஷாலி தானாகவே தொடர்ந்தாள். கோபம் வந்தாலும் அவளால் பேசாமல் இருக்க முடியாது. "மொதல் நாள் வந்து 'நல்லா இருக்கீங்களா மேடம்'னு கேட்டான். எங்கடா நல்லா இருக்கேன், முதுகெல்லாம் அரிக்குது, போயிட்டு அப்புறம் வான்னேன். மறுபடி வந்தான். தலை வலிக்குது போடான்னேன். மூணு தடவை தொரத்திட்டேன். கடைசியா வீட்டுக்கே வந்தான். மழை பெஞ்சு விட்டிருந்துச்சு. மாடியில ஊஞ்சல்ல உக்காந்திருந்தேன். எங்கயும் வலிக்கல, அரிக்கல. எனக்கு நோவுங்கறதே மறந்துபோச்சு. இப்ப போட்டுக்கோடான்னு கையை நீட்டினேன்."

"எதுக்கு அத்தனை தடவை வந்தான்?"

"யாருக்குத் தெரியும்? நல்லா இருக்கறப்பத்தான் பட்டனை அழுத்தணுமாம். அங்கேருந்துதான் அது எண்ண ஆரம்பிக்குமாம்."

சங்கவி எழுந்து உட்காரப் பார்த்தாள். ஊசி குத்தியிருந்த கை இழுத்தது.

ஒன்பதாம் வகுப்பில், அரசுப் பள்ளியின் ஓட்டைச் சோதனைச்சாலையில், இயற்பியல் டீச்சர் திருகு அளவியைக் கையில் கொடுத்து முதலில் சொன்னது இதுதான்: எதையும் வைக்காமல் மூடிப் பார். சுழி காட்டுகிறதா? காட்டவில்லை என்றால் கருவியில் சுழிப்பிழை இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் நீ அளக்கிறது அத்தனையும் தப்பு. காலேஜில் வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் "ஜீரோ எரர்" என்று இங்கிலீஷில் கேட்டபோது அது இதுதான் என்று தெரியாமல் விழித்து நின்றதும், பின்னாலிருந்து சிரிப்பு வந்ததும் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. அதிலிருந்து எந்தக் கருவியைத் தொட்டாலும் முதலில் சுழியைத்தான் பார்ப்பாள்.

தன் கையில் கட்டியதற்கு மட்டும் பார்க்கவில்லை.

அன்றைக்கு என்ன நடந்தது? பஸ்ஸில் உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே வந்திருந்தாள். கால் இழுத்துக்கொண்டிருந்தது. வாயெல்லாம் கசப்பு. பக்கத்தில் அம்மா. அந்தப் பையன் அருள்ஜோதி சிரித்த முகத்தோடு வந்து, "நல்லா இருக்கீங்களா?" என்றான்.

"நல்லா இருக்கேங்க. நீங்க நல்லா இருக்கீங்களா?" என்றாள்.

அவன் பட்டனை அழுத்தினான்.

டாக்டரையே கேள்வி கேட்கிறவள், மனதில் பட்டதை முகத்துக்கு நேராகச் சொல்கிறவள், வாழ்க்கையில் ஒரே ஒரு இடத்தில் மரியாதைக்குப் பொய் சொல்லியிருந்தாள். பட்டை அதை அப்படியே நம்பிவிட்டது. அவளுடைய சுழி வலியின்மேல் உட்கார்ந்திருந்தது.

அடுத்த முறை அருள்ஜோதி வார்டுக்கு வந்ததும் சங்கவி அவனை வாசலிலேயே மறித்தாள். டாக்டர் நஸீராவும் கூட இருந்தார்.

"யார் யாரெல்லாம் உங்ககிட்ட 'நல்லா இருக்கேன்'னு சொன்னாங்க?"

அவன் முழித்தான். "எல்லாருமேதாங்க. இவங்க ஒருத்தரைத் தவிர." வைஷாலியைக் காட்டினான். "நோயாளி நலமாக உணரும் நேரம்னு பயிற்சியில சொன்னாங்க. கேட்டேன். எல்லாரும் நல்லா இருக்கேன், நீங்க நல்லா இருக்கீங்களா, சாப்டீங்களான்னாங்க. ஒரு தாத்தா மோர்கூடக் குடுத்தாரு."

"யோவ், எதிர்ல வந்து நின்னு சிரிச்சிக்கிட்டே நல்லா இருக்கீங்களான்னு கேட்டா, இந்த ஊர்ல எவன்யா இல்லைன்னு சொல்லுவான்? பொணம்கூட நல்லா இருக்கேன்னு சொல்லும்!"

டாக்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "இவ்வளவு நாளா இந்த எண்ணைப் பாத்துத்தான் நாங்க யாருகிட்ட ஓடறதுன்னு முடிவு பண்ணிட்டு இருக்கோம்."

"என் சுழியை மாத்துங்க" என்றாள் சங்கவி.

"மாத்திடலாங்க" என்றான் அருள்ஜோதி அவசரமாக. "நீங்க நிஜமாவே நல்லா இருக்கற நேரம் ஒண்ணு சொல்லுங்க, வீட்டுக்கே வந்துடறேன். எப்ப வரட்டும்?"

சங்கவி வாயைத் திறந்தாள். காலையில் எழும்போதே தலை கனக்கும். மத்தியானம் குமட்டல். டயாலிசிஸ் முடிந்த அன்றைக்கு எழுந்து நிற்க முடியாது. மறுநாள் அசதி. அதற்கு மறுநாள் மூச்சு வாங்கும், அரிக்கும். அதற்கு முன்னால்? காலேஜில், ஹாஸ்டல் சோற்றில், பரீட்சை பயத்தில்? அதற்கும் முன்னால்? அவன் பதிலுக்காகக் காத்திருந்தான். அவளுக்கு ஒரு நேரம்கூடச் சொல்லத் தெரியவில்லை.

அந்த மாடியையும், விட்ட மழையையும், ஊஞ்சலையும் நினைத்தாள். வைஷாலியின் புருஷனைப் பார்த்து, காரைப் பார்த்து, எட்டைப் பார்த்து எரிந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. அந்த ஒரு நேரத்துக்காக அவள் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது.

"எனக்கு அப்படி ஒரு நேரம் இல்ல" என்றாள். "அவ சுழியைக் குடுங்க."

"என்னது?" என்றாள் வைஷாலி.

"உன் பட்டையைக் குடு. உன் சுழியிலேருந்து என்னை அளக்கட்டும்."

அருள்ஜோதி டாக்டரைப் பார்த்தான். "ஒருத்தர் சுழி இன்னொருத்தருக்குத் துல்லியமா வராதுங்க. ஆனா கிட்டத்தட்டச் சொல்லும்."

வைஷாலி தன் பட்டையை அவிழ்த்து நீட்டினாள். முகத்தில் கருணை ஒன்றும் இல்லை, சவால்தான் இருந்தது. "கட்டிப் பாரு. என்னமோ நான்தான் உன் எண்ணைத் திருடி வெச்சிருக்கற மாதிரி பேசற. கட்டினதும் பெருசா ஏறிடுமா?"

"முதல்ல நோய் இல்லாத ஆளுக்குக் கட்டணும்" என்றாள் சங்கவி. பழைய சோதனைச்சாலைப் பழக்கம். அருள்ஜோதியின் கையிலேயே கட்டினார்கள். பட்டையின் சின்ன முகப்பில் சுழி காட்டியது. கொஞ்சம் தடுமாறி, சுழியிலேயே நின்றது.

பிறகு சங்கவி கட்டிக்கொண்டாள். இன்னும் மெஷினில் போடவில்லை. நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தாள். வழக்கமான ஒரு காலை. அவளைக் கேட்டால் நல்லா இருக்கேன் என்று சொல்லக்கூடிய காலை.

நான்கு. ஐந்து. ஆறு. ஆறரையில் நின்றது.

"ஊசியே போடலையே இன்னும்" என்றார் சிஸ்டர் மெதுவாக.

வைஷாலி எட்டிப் பார்த்தாள். அவள் கண் அந்த எண்ணில் ஒட்டிக்கொண்டதைச் சங்கவி பார்த்தாள். அந்தப் பார்வையை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு மாதமாக அவளே பார்த்துக்கொண்டிருந்த பார்வை. பாயசம் குடித்தது போலிருந்தது.

கதவோரம் தரையில் உட்கார்ந்திருந்த மாதம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். "தெனமும் கேப்பனே பாப்பா. நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு சொல்லுவியே."

"நீ கேட்டா வேற என்னம்மா சொல்றது?"

டாக்டர் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். "இந்த மாசக் கணக்கை நான் ஒத்துக்கப் போறதில்ல. எல்லாருக்கும் ஒரே சுழியை வெச்சு ஒரு வாரம் மறுபடியும் அளக்கலாம். பார்த்தா நீதான் மேல வருவ போலிருக்கு. அம்மா துணையாளாப் பதிஞ்சிருக்காங்கல்ல?"

"இருக்கறேங்க டாக்டரம்மா" என்று மாதம்மாள் முந்திக்கொண்டாள். பை வாங்குகிறவருக்கு வீட்டில் நோய்நொடி இல்லாத ஒருவர் துணைக்கு வேண்டும் என்பது விதி. தினமும் குழாயைக் கழுவி, வடிகட்டியை மாற்ற வேண்டும். மாதம்மாள் அதையெல்லாம் கற்றுக்கொண்டு, பெருமையோடு கைநாட்டு வைத்திருந்தாள். அவர்கள் வீட்டில் வேறு யாரும் இல்லை.

"அப்ப சரி. நான் மாவட்ட ஆபீசுக்குப் போன் பண்ணிட்டு வர்றேன்." டாக்டர் போனோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அருள்ஜோதி மற்ற பட்டைகளைக் கழற்றப் போனான். வைஷாலி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். முதுகு குலுங்கியது. சத்தம் வரவில்லை. இத்தனை நாளில் அவள் சத்தமில்லாமல் அழுது சங்கவி பார்த்ததில்லை.

அழட்டும் என்று நினைத்தாள் சங்கவி. தை பிறந்ததும் தோளில் பையோடு ஆற்றோரமாக நடந்து போவதை நினைத்தாள்.

"அதை எனக்கும் ஒருக்கா கட்டேன் பாப்பா" என்றாள் மாதம்மாள், ஆசையாக. "அந்தத் தம்பிக்குச் சுழி வந்துச்சே. நல்லா இருக்கறவங்களுக்கு எப்படிக் காட்டுதுன்னு பாக்கறேன்."

சங்கவி சிரித்துக்கொண்டே அவிழ்த்து அம்மாவின் கையில் கட்டினாள். பட்டை இறுக்கமாக இருந்தது. கடைசித் துளைவரை தளர்த்த வேண்டியிருந்தது.

நான்கு. ஐந்து. ஆறு. அது நிற்கவில்லை. சங்கவியின் எண்ணைத் தாண்டியது. ஏழு. ஏழரை. எட்டு.

சங்கவிக்கு வயிறு எரிந்தது.

ஒரு நொடிதான். இதென்ன, என்னைவிட அதிகமா என்று உள்ளே ஏதோ சுருக்கென்று எழுந்து நின்றது. பிறகுதான் அது யாருடைய கை என்று உறைத்தது. அந்தக் கை வீங்கியிருந்தது. பட்டை பதிந்த இடத்தில் குழி விழுந்திருந்தது.

நுழையாத செருப்பு. சுவரிலும் சீட்டிலும் தேய்த்துக்கொண்டே இருக்கும் முதுகு. வாய் கசக்கிறது என்று தள்ளிவைத்த சோறு. பூ பறித்துவிட்டு வந்து, உடம்பு வலிக்கு என்று மளிகைக் கடையில் வாங்கி வருஷக்கணக்காக விழுங்கிய மாத்திரை. சங்கவிக்கு இருந்தது எல்லாமே அங்கே இருந்தது. அவள் அவற்றைப் பார்த்து எரிச்சல்பட்டிருந்தாள், அவ்வளவுதான்.

"எவ்ளோ காட்டுது?" என்றாள் மாதம்மாள். "கண்ணாடி கொண்டாரல. சுழிதானே?"

டாக்டரின் முதுகு ஜன்னல் பக்கம் இருந்தது. சிஸ்டர் அடுத்த வரிசையில். யாரும் பார்க்கவில்லை. சுழிதாம்மா என்று சொல்லிவிட்டு அவிழ்த்துவிடலாம். பை வந்த பிறகு, வேலையில் சேர்ந்த பிறகு, மெதுவாக அம்மாவை டாக்டரிடம் காட்டிக்கொள்ளலாம். இத்தனை நாள் இருந்தவளுக்கு இன்னும் கொஞ்ச நாள் என்ன?

"நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்டாள்.

"எனக்கென்ன பாப்பா," என்று மாதம்மாள் சிரித்தாள். "நல்லாத்தான் இருக்கேன்."

சங்கவி கத்தினாள்.

"டாக்டர்! டாக்டர்! எங்கம்மாவைப் பாருங்க!"

அந்தக் கட்டில் பக்கத்திலிருந்து அப்படியொரு சத்தத்தை வார்டு கேட்டதில்லை. அவள் தொண்டைக்கே அது புதிதாக இருந்தது, பாதியில் உடைந்தது. "ஏண்டி, எல்லாரும் பாக்கறாங்க" என்று மாதம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். வைஷாலி சடாரென்று திரும்பினாள். அழுத கண்ணோடு முதலில் பட்டையைப் பார்த்தாள். பிறகு மாதம்மாளின் முகத்தைப் பார்த்தாள். துணையாளும் நோயாளி என்றால் பை யாருக்குப் போகும் என்று அந்த நொடியில் அவளுக்குத் தெரிந்திருக்கும். தெரியாமலா இருக்கும்?

"சிஸ்டர்! ஓடி வாங்க சிஸ்டர்! இந்தம்மாவுக்கு என்னமோ ஆகுது!" என்று அவளும் கத்த ஆரம்பித்தாள்.

அப்போதும் அவள் குரல்தான் பெரிதாக இருந்தது. சங்கவி மூச்சை இழுத்து, அதைவிடப் பெரிதாகக் கத்தினாள்.